டிவியில் பெய்த மழை

கல்லூரி நாளில் சிங்கப்பூர் மாமா வாங்கித் தந்த பழைய ஹோம் கம்ப்யூட்டரை, பாலு மன்னார்புரம் வீட்டு டிவியில் மாட்டினார். நல்லவேளை, அது இன்னும் ஓடியது. பேசிக் என்ற பழைய புரோகிராம் மொழியில் எழுதினால்தான் அதற்குப் புரியும். அவருக்கோ பேசிக் மறந்தே போயிருந்தது.

அவர் மனைவி ஜோதி ஒரு புரோகிராமும் எழுதியதில்லை. கைபேசியில் இருந்த ஏ.ஐ.யிடம் கம்ப்யூட்டரின் பெயரைச் சொல்லிவிட்டு, "இதுல மழை பெய்யணும். முதல்ல தூறல், அப்புறம் அடிச்சு ஊத்தணும்" என்றார்.

பேசிக் வரிகள் வந்தன. பாலு ஒவ்வொன்றாகத் தட்டினார். ஓடவிட்டதும் திரையில் ஒரு பிழைச் செய்தி வந்தது. ஜோதி அதை அப்படியே படித்துக் காட்ட, ஏ.ஐ. ஒரு வரியைத் திருத்தித் தந்தது.

இம்முறை கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளி ஒன்று இறங்கியது. பின்னாலேயே இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரை முழுக்க மழை.

பாலு திரையைத் தொட்டுப் பார்த்தார். "நாம தமிழ்ல சொன்னா இது செய்யணும்னு காலேஜ்ல சொல்லிட்டுத் திரிஞ்சேன். எல்லாரும் சிரிச்சாங்க, ஜோதி" என்றார்.

ஜோதி அவர் தோளில் கை வைத்தார். பிறகு கைபேசியை எடுத்து, "கொஞ்சம் காத்தும் அடிக்கட்டும்" என்றார்.

பாலு புது வரிகளைத் தட்டி முடித்ததும், மழை சாய்ந்து பெய்தது.