பாம்புக்கு எடுத்த அளவு

1

இந்தக் கதை ஒரு பச்சைத் துணியிலிருந்து வந்தது. இரும்புலியூரில், எனக்கு மேல்வீட்டில் குடியிருக்கும் தபீதாளின் கொடியில் அது தன் எடையிலேயே நீண்டுகொண்டு தொங்கியது. என்ன துணி என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது என் வழக்கம். கேட்காதவற்றைத்தான் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: 'தபீதாள் கைதேர்ந்த தையல்காரி.' பொய். தாம்பரத்தில் கணக்கு டீச்சர். தன் ஜாக்கெட்டைத் தானே தைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: 'அவள் கணவர் ஃபிரெடி இறந்த பிறகு' (அடித்துவிட்டேன். கதைக்குக் கனம் போதாதபோது ஒருவரைக் கொல்வது எழுதுபவர்களின் சோம்பேறித்தனம்.) ஃபிரெடி இருக்கட்டும். சிறுசேரி ஐ.டி. கம்பெனியில் பார்த்த வேலை போனதிலிருந்து அவர் படியிறங்கவில்லை. சர்ச்சுக்குக்கூட வருவதில்லை.

2

சர்ச் நாடகத்தில் ஏதேன் தோட்டத்துப் பாம்புக்கு ஆள் கிடைக்கவில்லை. நாடகத்தை நடத்தும் கிருபா அக்கா மாடியேறி வந்து கேட்டார்.

"மூஞ்சி தெரியாதுல்ல?" என்றார் ஃபிரெடி.

"தெரியாது தம்பி."

"அப்ப சரி."

இந்த 'சரி'யைப் பிடித்துக்கொண்டுதான் தபீதாள் அந்தப் பச்சைத் துணியோடு தையல் மிஷினில் உட்கார்ந்தாள். உடை சரியாக வராவிட்டால் அவர் பின்வாங்கிவிடுவார். இன்னொரு 'சரி' எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது.

பாம்புக்கு அளவு வெட்டிவைத்த பேப்பர் கட்டிங் யாரிடம் இருக்கும்? ஃபிரெடியின் சட்டை, ஜிப்பா இரண்டையும் பார்த்து, அளவுக்கு ஜிப்பாவை எடுத்தாள்.* வழக்கப்படி நாலு பக்கமும் லூஸ் வைத்து, பிற்பாடு பிரித்துவிட உள்ளே துணியும் விட்டு வெட்டினாள். பாம்பு, தலையணை உறைக்குள் விழுந்ததுபோல் இருந்தது. ஃபிரெடி கண்ணாடியைப் பார்த்தார். கழற்றி வைத்தார்.

(* நான் தேர்ந்தெடுத்திருந்தாலும் ஜிப்பாதான். உள்ளதில் நீளமானதைத் தேர்ந்தெடுப்பது நாவல் வாசகனின் நோய்.)

3

அடுத்து அவருடைய பழைய டீ-ஷர்ட்டைக் காகிதத்தில் வைத்து வரைந்தாள். லூஸ் இல்லை. ஆனால் ஜாக்கெட் துணியைப் போடுவதுபோலவே நீளவாக்கில் போட்டு வெட்டிவிட்டாள். இந்தத் துணியோ ஒரு பக்கம்தான் இழுபடும். தலையிலிருந்து காலுக்கு இழுபட்டது. தோளைச் சுற்றி இழுபடவில்லை. கைகளைத் தூக்கி உள்ளே நுழைந்த ஃபிரெடி பாதியில் மாட்டிக்கொண்டார்.

இங்கேதான் நானும் நின்றுபோனேன். ஃபிரெடியைப் பேசவைக்க எனக்குத் தெரியவில்லை. 'பச்சை இருட்டில் அவர் தன் வாழ்க்கையை எண்ணி' என்று தொடங்கி விட்டுவிட்டேன். சட்டைக்குள் மாட்டிக்கொண்டவன் வாழ்க்கையை எண்ணமாட்டான். சும்மா காத்திருந்தேன். அது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

"தபீ."

"இருங்க, இழுக்கறேன்."

"ஏவாளுக்குப் பழத்தை எப்டி குடுப்பேன்? எனக்குக் கையே இல்லியே."

"பாம்புக்கு ஏதுங்க கை?"

துணிக்குள் ஏதோ குலுங்கியது. அழுகிறாரோ என்று தபீதாள் பயந்துபோய் என்னைக் கூப்பிட்டாள். மாடியேறி ஓடினேன்.

"சார், நீங்க இடுப்பைப் புடிங்க!"

"பாத்து சார்," என்றது துணி. "தோலோட உரிச்சுடாதீங்க." சிரித்துக்கொண்டிருந்தார். தபீதாள் இழுப்பதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அப்பாடா என்று எனக்கும் இருந்தது.

4

மிச்சத் துணியை அவள் இரு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். பிறகு காகிதத்தைக் குறுக்கே திருப்பிப் போட்டாள்.

"உடம்பைவிடச் சின்னதா வெட்டணும் சார். மிச்சத்தை அவரே நெரப்பிக்குவாரு."

கச்சிதமாகப் பொருந்தியது. மொட்டை மாடியில் ஃபிரெடி வளைந்து வளைந்து நடந்தார். என்னைப் பார்த்துச் சீறினார்.

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் கைதட்டல், இன்னொன்றில் மழை. இரண்டும் லூஸாக இருந்தன. எனவே முடிவையும் சின்னதாகவே வெட்டுகிறேன்.

தலையை மூடும் பகுதியில் ஓட்டை போடுவது மட்டும் பாக்கி; அதை மாட்டிக்கொண்டு ஃபிரெடி நின்றார். கத்தரிக்கோலோடு தபீதாள் கேட்டாள்: "கண்ணுக்கு மட்டும் ஓட்டை போடவா, இல்ல மூஞ்சி பூரா தெரியட்டுமா?"

   ஃபிரெடி துணிக்குள்ளிருந்தே தன் முகத்தின்மேல் விரலால் ஒரு வட்டம் வரையத் தொடங்கினார். எவ்வளவு பெரிய வட்டம் என்பதை நீங்கள் இழுத்துக்கொள்ளுங்கள்.