கவுன்சிலரின் தங்கை குடியிருக்கும் தெரு

"உன் தெருவை நான் கடைசியாத்தான் பார்ப்பேன். தங்கச்சிக்கு மட்டும் செஞ்சுக்கிட்டாங்கன்னு ஒருத்தர் வாயைத் திறக்கக் கூடாது."

"அதுக்கென்னக்கா. நானும் வாயைத் திறந்து கேக்க மாட்டேன், போதுமா?"

கவுன்சிலராக ஜெயித்த அன்று, வீடு வீடாக நடந்து வீங்கிப்போன காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு அக்கா சொன்னதும், சிரித்துக்கொண்டே தான் பதில் சொன்னதும் தங்கைக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருந்தன. இப்போது வார்டு கூட்டம் நடக்கும் பள்ளிக்கூட அரங்கின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, அதே அக்காவைத் தெருக்காரர்கள் கிழித்துத் தொங்கவிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கெட்டவள் இல்லை. பாலத்துக்கு வண்ண விளக்கு வேண்டாம், ரவுண்டானாவுக்கு நீரூற்று வேண்டாம், மண்ணுக்கு அடியில் போகிற குழாய்க்குத்தான் முதல் காசு என்று மேயரிடமே மல்லுக்கு நின்றவள். கமிஷன் என்று இழுத்தவர்களை வாசலோடு அனுப்பியவள். வார்டில் ஒவ்வொரு தெருவாகக் கழிவுநீர்க் குழாய் மாற்றினாள். தங்கையின் தெருவை மட்டும் வருஷா வருஷம் பின்னால் தள்ளினாள். மேட்டுத் தெருக்களின் புதுக் குழாய்கள் கொண்டுவந்து கொட்டியதை இந்தத் தெருவின் பழைய குழாய் தாங்கவில்லை. மழைக்கு மழை கழிவுநீர் வீட்டுக்குள் பொங்கியது.

தங்கை வீட்டு முன்னறையில்தான் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். மெத்தைகளை மேசைமேல் ஏற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. இரட்டைக் குழந்தைகளின் அம்மா பால்புட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு முகம் பார்க்காமல் போய்விட்டாள். மீதி அம்மாக்களும் அடுத்த மழை வரை பார்க்கலாம் என்று கெடு வைத்துவிட்டார்கள். அதோடு காப்பகத்தை மூடவேண்டியதுதான்.

அதே தெருவில் குடியிருக்கும் எலக்ட்ரீஷியன் மைக்கைப் பிடுங்கினார்.

"உங்க நேர்மையோட நாத்தம் எங்க அடுப்படி வரைக்கும் வருதும்மா."

டெண்டர், அடுத்த நிதியாண்டு என்று அக்கா நிதானமாகத்தான் ஆரம்பித்தாள். ஊளைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. சலவைக் கடைக்காரம்மா பின்னால் திரும்பித் தங்கையைக் கைகாட்டினார்.

"இவங்க வீட்டைக் காலி பண்ணட்டும். தன்னால குழாய் வந்துடும்."

யாரும் சிரிக்கவில்லை. அரங்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தன் மடியில் தூங்கி வளர்ந்த பிள்ளைகளின் அப்பாக்களும் அந்தப் பார்வையில் இருந்தார்கள். தங்கைக்குக் காது மடல் சுட்டது. எழுந்தாள். பேசாதே என்று மேடையிலிருந்து அக்கா லேசாகத் தலையசைத்தாள். சின்ன வயதிலிருந்து அந்த ஒரு அசைவுக்கு அடங்கியே பழக்கம்.

ஆனாலும் முன்னால் போய் மைக்குக்குக் கை நீட்டினாள். எலக்ட்ரீஷியன் என்ன நினைத்தாரோ, கொடுத்துவிட்டார். அக்காவின் முகம் வெளுத்தது. தங்கை கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று ஆகிவிட்டால், இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெயர் நாளைக்கே சந்தி சிரிக்கும். தங்கைக்கு அது தெரியாதா என்ன.

"அக்கா, எங்க தெருவுக்குக் குழாய் போட்டுக் குடு. உன் தங்கச்சிதான் கேக்கறேன்."