நீங்க முன்னாடி போங்க

ஆவூர் சோபியாவுக்கு "முடியாது" என்ற சொல் மட்டும் வாயில் வரவே வராது. கோயிலுக்குப் பூக்கட்டணுமா, ஆள் விடு சோபியா வீட்டுக்கு. நாத்தனார் பிள்ளைக்குக் காய்ச்சலா, சோபியா இருக்கிறாளே. தங்கமான பொண்ணு என்று சொல்லிச் சொல்லியே அவள் முதுகை ஒடித்தார்கள். யாராவது முகம் சுளித்துவிட்டால் போதும், நாம் என்ன தப்புப் பண்ணினோம் என்று உருகிப் போவாள்.

இந்த வருஷம் தூக்கமும் போச்சு, சோறும் இறங்கவில்லை. நாம் இல்லாவிட்டால் யாருக்கும் தொந்தரவில்லை என்ற நினைப்பு விரட்ட விரட்ட வந்தது. ஒரு விடிகாலை கிணற்று மேட்டில் அவள் நின்ற நிலையைப் பார்த்து, பக்கத்து வீட்டுச் செவந்தி பதறி ஓடினாள். கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அன்றிலிருந்து ஜன்னலைத் திறந்து வைத்துக் கிணற்றடிமேல் கண்ணாகவே இருந்தாள்.

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு மனசுக்குப் பாக்குற டாக்டரு வாராரு. மத்தியானம் வரைக்குந்தான் இருப்பாரு. கிணத்தடியில நின்னதை அவருகிட்ட சொல்லிப்புடு."

"சரிக்கா."

முதல் பஸ்ஸிலேயே போனாள். வரிசையில் முன்னாலேயே இடம் கிடைத்தது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே நின்றாள். சொல்லிவிட்டால் பிழைத்துக்கொள்வோம் என்று நம்பினாள், பாவம்.

பின்னால் நின்ற பெரியவர், "அன்னவாசல் பஸ்ஸை விட்டா அடுத்தது சாயங்காலந்தாம்மா" என்றார்.

"நீங்க முன்னாடி போங்க."

அடுத்து ஒரு கைப்பிள்ளைக்காரி. பிள்ளை வீறிட்டது. அவளையும் விட்டாள். அப்புறம் கேட்காதவர்களையும் தானே கூப்பிட்டு விட்டாள். இவர்களுக்கெல்லாம் நிசமான வியாதி, நமக்கென்ன, கொழுப்புத்தானே என்று தோன்றியது. அடிப் பாவி மகளே!

கடைசியில் அவள் மட்டும் நிற்கும்போது டாக்டர் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "நீங்க பாக்கணுமாம்மா?" என்று நின்று கேட்கவும் செய்தார்.

"இல்லீங்க சார், துணைக்கு வந்தேன். நேரமாச்சு, நீங்க சாப்பிடப் போங்க."

ஊரில் பஸ் நிற்கிற இடத்திலேயே செவந்தி காத்திருந்தாள். "சொன்னியா? என்ன சொன்னாரு?"

தனக்காக ஒருத்தி இப்படித் தவிப்பது சோபியாவுக்குத் தாங்கவில்லை. "சொன்னேன்க்கா. பயப்பட ஒண்ணுமில்லையாம்."

செவந்திக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கு முறுக்குச் சுட வந்துர்றியா? ஒன்னைய விட்டா ஆளில்ல."

"வாரேன்க்கா" என்றாள் சோபியா, சிரித்த முகமாக.

அன்றைக்குச் செவந்தி நிம்மதியாக ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தாள்.