கரண்டியின் பின்னால் பதினோரு பேர்

ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் மகள் அன்று காலை மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பினாள்.

"எது வேணும்னாலும் பேசுங்கப்பா. நம்ம தெருவைப் பத்திப் பேசுங்க, பழைய வீடுங்களைப் பத்திப் பேசுங்க. கேள்வி மட்டும் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கூட."

"தண்ணி வேணுமான்னு கேக்கலாமா?"

"நீங்களே ஊத்திக் குடுத்துடுங்க."

அவள் பயந்ததில் தப்பே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு பையனின் அப்பா இதே வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனுஷர், அடர்த்தியான தலைமுடி. பூட்டுக்காரரான அப்பா அவரை உட்காரவைத்து, ரொட்டியை நீட்டி, "முடி சொந்தமா, வாங்கினதா?" என்று கேட்டார். வாங்கினதுதான். அந்த வாரமே அந்தச் சம்பந்தம் முறிந்து போயிற்று.

பூட்டுக்காரர் கெட்டவர் இல்லை. முப்பது வருஷமாகச் சாவி செய்கிறவர். சாவி கேட்டு வருகிறவனிடம் யார் வீடு, ஏன் தொலைந்தது, பொண்டாட்டிக்குத் தெரியுமா என்றெல்லாம் குடையாமல் செய்து கொடுத்தால் ஊரில் பாதித் திருடர்களுக்கு அவர்தான் கூட்டாளி. தொழிலில் வந்த பழக்கம் வாயில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் மகளின் வாழ்க்கை அந்த வாயால் இன்னொரு தடவை கெட்டுப்போகக்கூடாது என்று அவருக்கும் இருந்தது. மனைவி போன பிறகு அவருக்கென்று இருந்தது அந்த ஒருத்திதான்.

இந்தத் தடவை முடிவு பையனின் அம்மா கையில். "அவங்களுக்கு நம்மளப் பிடிக்கணும்ப்பா. பிடிக்கலேன்னா அவன் தலைகீழா நின்னாலும் நடக்காது," என்று மகள் சொல்லியிருந்தாள். பையனின் அம்மா, அப்பா, சித்தப்பா, சித்தி என்று நாலு பேர் ஒரு மணிக்கு வருவார்கள். மகளும் பையனும் வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்து சேர்ந்துகொள்வார்கள். நாலு பேரின் முகத்தையும் பூட்டுக்காரர் பார்த்ததில்லை.

பயத்தில் அவர் பதினைந்து பேருக்குச் சமைத்துவிட்டார். கோழியும் உருளைக்கிழங்கும் மிளகும் போட்டு, பெரிய பாத்திரத்தில் குழம்பு. கிண்டும்போது கரண்டியின் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. போன மாசம் அதற்கு ஆணி அடித்துச் சரிசெய்தவர் அவரேதான். ஊரார் பூட்டையெல்லாம் சரிசெய்கிறவர் சொந்தக் கரண்டியில் கோட்டை விட்டார். அடுப்பைத் தணித்துவிட்டு, பன்னிரண்டே காலுக்குச் சந்தைக்கு ஓடினார்.

நீளக் கைப்பிடி வைத்த புதுக்கரண்டி ஒன்று கிடைத்தது. விலைச்சீட்டைக் கட்டிய சிவப்பு நூல் அதன் கழுத்தில் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். யார் கண்ணையும் குத்திவிடக்கூடாதே என்று கரண்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கூண்டைத் தாண்டி நடந்தார்.

இங்கே அவருக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். பழைய நகரத்தைச் சுற்றிக்காட்டி, கடை கடையாகச் சாப்பிடவைக்கிற நடைப்பயணம் ஒன்று அந்தத் தெருக்களில் நடக்கிறது. கூட்டத்தில் ஆட்கள் தொலைந்துபோகாமலிருக்க வழிகாட்டி கொடிக்குப் பதில் ஒரு கரண்டியைத் தூக்கிப் பிடிப்பார். மணிக்கூண்டில் வழிகாட்டி மாறுவார். பாதி வழி வரை கூட்டிவந்த பெண் அன்றைக்கும் வழக்கம்போல, "இங்கேருந்து இன்னொருத்தர் கூட்டிட்டுப் போவார். கரண்டி எங்க போகுதோ அங்க போங்க, குடுக்கறதச் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வழிகாட்டி, ஒல்லியாக ஓர் இளைஞன், மணிக்கூண்டுக்குப் பின்பக்கம் நின்று அறுந்த செருப்புக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தான் பூட்டுக்காரரின் கரண்டி அந்தப் பக்கம் போயிற்று.

அதிலும் அவர் சும்மா போகவில்லை. சம்பந்தி வீட்டாரிடம் பேச வேண்டியதை வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

"இதோ இந்தப் பச்சைக் கதவுல அஞ்சு பூட்டு இருக்கு. அண்ணன் தம்பி அஞ்சு பேரு, ஒருத்தன ஒருத்தன் நம்ப மாட்டான். ஆளுக்கொரு சாவி. அஞ்சு பேரும் ஒண்ணா வந்தாத்தான் கதவு திறக்கும். அதனாலயே அம்பது வருஷம் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சந்தைத் தெருவில் யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. உப்புக் கிடங்கின் சுவர் ஏன் இன்றைக்கும் ஈரமாக இருக்கிறது என்று சொன்னார். வளைவுச் சந்தில் இரண்டு குண்டர்கள் எதிரெதிரே வந்து அரைநாள் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார். நன்றாக வருகிறது என்று தன்னையே பாராட்டிக்கொண்டார். வீட்டு வாசலில் சாவியை எடுக்கத் திரும்பினால், பதினோரு பேர் வியர்த்து விறுவிறுத்து, பல்லெல்லாம் தெரிய நிற்கிறார்கள்.

நாலு பேர் என்றல்லவா மகள் சொன்னாள். மணி பார்த்தார், ஒன்றாக ஐந்து நிமிஷம். படை திரட்டிக்கொண்டு, அதுவும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். நீங்கள் யார் என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. சத்தியம் நினைவுக்கு வந்து, அதை அப்படியே விழுங்கினார்.

"வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் சமைச்சிருக்கேன்," என்று கதவைத் திறந்துவிட்டார்.

கீழ்த்தளம் முழுக்கப் பட்டறை. மூன்று சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை சாவிகள். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். கேமராக்காரர் ஒருவர் சாவிகளைப் படமெடுத்தார், பட்டறை மேஜையைப் படமெடுத்தார், பிறகு அடுப்பங்கரைக்கே போய்க் குழம்பையும் படமெடுத்தார். எல்லாவற்றையும் அலசி ஆராய்கிற குடும்பம்தான் போல என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். பட்டறைப் பலகைகளை இழுத்துப்போட்டு எல்லோரையும் உட்காரவைத்துப் பரிமாறினார்.

வைக்கோல் தொப்பி போட்ட ஓர் அம்மாள் மற்றவர்களை இங்கே உட்கார், அங்கே உட்கார் என்று விரட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் பையனின் அம்மா என்று அவர் முடிவு கட்டி, அவள் தட்டில் மட்டும் இரண்டு கோழிக்கால் வைத்தார். கேள்வி கேட்க முடியாததால் எல்லாவற்றையும் சேதியாகவே சொல்லிப் பார்த்தார்.

"வர்ற வழியில வெயில் கடுமையா இருந்திருக்கும்."

"ஆமா சார், ஆனா வந்தது வீண் போகல," என்றாள் தொப்பிக்காரம்மாள்.

"பையன் சின்ன வயசுல ரொம்பக் குறும்பு பண்ணியிருப்பான்."

"எந்தப் பையன் சார் பண்ணாம இருப்பான்," என்று அவள் இரண்டாவது காலைக் கடித்தாள்.

அவர்களோ கேட்டுத் தள்ளினார்கள். வீடு எத்தனை வருஷப் பழசு, மாடியில் என்ன இருக்கிறது, சமையல் யாரிடம் கற்றது, குளியலறை எங்கே. இவர்களுக்கு மட்டும் சத்தியம் கித்தியம் கிடையாதா என்று அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஆனால் தட்டுகள் இரண்டாம் தடவை வந்தன, மூன்றாம் தடவை வந்தன. இதுவரை சாப்பிட்டதிலேயே இதுதான் உசத்தி என்று கேமராக்காரர் சூடம் அணைக்காத குறையாகச் சொன்னார். பூட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மகளே, ஜெயித்துவிட்டேன் என்று மனதுக்குள் கூவினார்.

"சரி, இதுக்கப்புறம் எங்க?" என்று வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டார் கேமராக்காரர்.

"இதுக்கப்புறம் என்ன, கல்யாணம்தான்."

கூட்டம் கைதட்டியது. "கல்யாணச் சாப்பாடும் உண்டா? டிக்கெட்லயே அடங்கிடுமா?"

"நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு டிக்கெட் எதுக்குங்க," என்றார் பூட்டுக்காரர், கண் கலங்க. தொப்பிக்காரம்மாள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. வாசலில் மகள். பக்கத்தில் பையன். அவன் பின்னால், சந்துகளில் ஒரு மணி நேரம் வழி தெரியாமல் சுற்றிக் களைத்த நாலு பேர், கையில் பழக்கூடையோடு. மகள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவளுடைய இடத்தில் உட்கார்ந்து ஒருவர் ரொட்டியால் பாத்திரத்தின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, இவங்கல்லாம் யாரு?"

"எனக்கெப்படிம்மா தெரியும்? கேக்கக்கூடாதுன்னு நீதானே சொன்ன."

அவள் பதில் சொல்வதற்குள் ஒரு கால் செருப்பைக் கையில் பிடித்தபடி ஒல்லி வழிகாட்டி மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் மறுகையில் சிவப்பு நாடா கட்டிய கரண்டி. அவன் ஆட்களை எண்ணினான். பதினொன்று. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். நடந்ததை அவன் விளக்க விளக்க, சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். தொப்பிக்காரம்மாள் தொப்பியைக் கழற்றினாள்.

பூட்டுக்காரர் யாரையும் பார்க்கவில்லை. பழக்கூடையைப் பிடித்திருந்த அம்மாளை மட்டும்தான் பார்த்தார். குள்ளமான உருவம். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, காலிப் பாத்திரத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எல்லாம் முடிந்தது என்று அவர் நினைத்தார். போன தடவையாவது வாயால் கெட்டது, இந்தத் தடவை வாயை மூடியும் கெட்டது.

"இன்னும் மூணு கடை பாக்கி இருக்கு," என்று வழிகாட்டி புலம்பினான். "மூணுலயும் பதினோரு தட்டு எடுத்து வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க."

"தம்பி, எங்களால இனிமே காத்தைக்கூட முழுங்க முடியாது," என்றார் கேமராக்காரர்.

பூட்டுக்காரர் மகளின் முகத்தைப் பார்த்தார். அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவே அது எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் தவித்தது. அவர் புதுக்கரண்டியை எடுத்துத் துடைத்துத் தலைக்கு மேலே தூக்கினார்.

"சம்பந்தி, பசியோட நிக்க வேண்டாம். வாங்க போகலாம்."

பத்தொன்பது பேர் சந்துக்குள் இறங்கினார்கள். இரண்டு கரண்டிகள் முன்னால். பச்சைக் கதவின் கதையை அவர் மறுபடி சொல்ல, ஏற்கெனவே கேட்டவர்கள் முடிவை முந்திக்கொண்டு கத்தினார்கள். மீன் பொரிக்கிற கடையில் நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பையனின் அம்மா நாலு தட்டு மீன் சாப்பிட்டாள், உதடு திறந்தது அதற்கு மட்டும்தான். கடலை வறுக்கிற கடையில் தொப்பிக்காரம்மாள் சித்தியோடு கைகோத்துக்கொண்டாள். வளைவுச் சந்தில் சித்தப்பாவும் கேமராக்காரரும் நிஜமாகவே மாட்டிக்கொண்டார்கள், பதினேழு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், அந்த அம்மாளைத் தவிர.

கடைசியாக ஐஸ்கிரீம் கடை. பூட்டுக்காரர் சுவரோரம் நின்றார். அந்த அம்மாள் கையில் கிண்ணத்தோடு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எம் பையன் என்கிட்ட ஒரு சத்தியம் வாங்கியிருக்கான்," என்றாள் மெதுவாக. "உங்க வீட்ல ஒரு கேள்வியும் கேக்கக்கூடாதாம். நான் கேட்டா எல்லாரும் பயந்து ஓடிடறாங்களாம். காலையிலேருந்து வாயைக் கட்டிட்டு வர்றேன். எனக்குத் தலையே வெடிச்சுடும் போலிருக்கு."

பூட்டுக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

"நீங்க ஒண்ணு கேளுங்க, நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார்.

"முதல்ல நீங்க."

காலையிலிருந்து விழுங்கிய கேள்விகள் முப்பதாவது இருக்கும். எல்லாம் ஒரேயடியாக வாசலுக்கு வந்து முட்டிமோதி நிற்க, ஒன்றுதான் வெளியே வந்தது.

"எம் பொண்ணு உங்க வீட்ல சந்தோஷமா இருப்பாளா?"

அவள் ஐஸ்கிரீமை ஒரு வாய் சாப்பிட்டாள். "அவ மூணு தடவை எங்க வீட்டுக்கு வந்தா. மூணு தடவையும் என்னை உக்கார விடல. அந்த அலமாரி ஏன் பூட்டியே இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க, அதை ஏன் விட்டீங்கன்னு ஒரே கேள்வி. எங்க வீட்ல என்கிட்ட யாரும் எதுவும் கேட்டு இருபது வருஷம் ஆச்சு. அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கு வந்தது சும்மா சாப்பிடத்தான்."

அவருக்கு மகளின் பெயரைச் சொல்லிக் கத்தவேண்டும் போலிருந்தது.

"இப்ப என் முறை," என்றாள் அவள். காலையிலிருந்து முதல் தடவையாக அந்த முகம் மலர்ந்தது. "உங்க தலைமுடி சொந்தமா, வாங்கினதா?"

பூட்டுக்காரர் அவள் முன்னால் தலையைத் தாழ்த்திக் காட்டினார். அவள் கிண்ணத்தைச் சுவரில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

தெருவின் அந்தப் பக்கம் பையனோடு நின்றிருந்த மகள் அதைப் பார்த்தாள். அப்பாவின் முடியைச் சம்பந்தியம்மா பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள், அப்பா குனிந்தபடியே விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். அவள் கையிலிருந்த ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரை வழிந்தது.