பதில் வரும் நம்பர்

கம்ப்யூட்டரில் இருந்து காசில்லாமல் எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்று ஆரணிக்குச் சொன்னது நான்தான். அதற்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது என் பிரவுசிங் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், தலையை ஒரு பக்கம் மட்டும் திருப்புகிற டேபிள் ஃபேன். 2008 பொங்கலுக்கு முன்னால் அந்த வெப்சைட்டில் என் செல் நம்பரைக் கொடுத்துப் பதிந்துகொண்டேன். செல்லில் அனுப்பினால் மெசேஜுக்கு ஒரு ரூபாய் பிடுங்கிக்கொண்டிருந்த காலம். பண்டிகை நாளில் எந்த எஸ்.எம்.எஸ். பேக்கும் செல்லாது. என் கடையில் எட்டணா கொடுத்தால் போதும், நானே டைப் அடித்து அனுப்பிவிடுவேன். பொங்கலன்று வரிசை பக்கத்து டீக்கடையைத் தாண்டி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லா மெசேஜும் என் நம்பரில் இருந்துதான் போகிறது, பதிலும் என் செல்லுக்குத்தான் வரும் என்பது பொங்கல் முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பட்டு முதலாளி பலராமன் தன்னிடம் நெய்கிற நாற்பது பேருக்கும் “பாவு நூல் ரெடி, வந்து எடுத்துப் போகவும்” என்று அனுப்பச் சொல்வார். நாற்பது பேரும் எனக்குப் பதில் போடுவார்கள். ஒருத்தருக்கு ஜுரம். ஒருத்தர் மாமியார் ஊரில். இன்னொருத்தர், போன தடவை கொடுத்த நூல் அறுந்து அறுந்து போகிறது, நீயே உட்கார்ந்து நெய் என்று என்னைத் திட்டுவார். நான் எங்கே போய் நெய்வது? “அடியில பேரப் போடுங்க, பேரப் போடுங்க” என்று கடைக்கு வருகிறவர்களிடம் தொண்டை கிழியக் கத்துவேன். எட்டணா கொடுத்தவர்களுக்கு அதெல்லாம் காதில் விழாது.

ஒருநாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் பழனி என் செல்லை எடுத்துப் பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“இன்னா இது? ‘தங்கம், சாப்டியா’ன்னு கேட்டுகினு கீறாங்க?”

“பாலிடெக்னிக் பையன் ஒருத்தனோட ஆளு. அந்தப் பொண்ணுதான் கேக்குது.”

“அது உன்னை ஏன் கேக்குது?”

விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. ரசம் ஆறிப்போய்விட்டது. கடைசியில் அவர், “பெரிய பேஜாரா கீதே, நீ இன்னா தபால் ஆபீஸா?” என்று கேட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

என் செல் பழைய மாடல். மெசேஜ் நிறைந்துவிட்டால் மேலே ஒரு தபால் கவர் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும், புதிதாக எதுவும் உள்ளே வராது. ஆரம்பத்தில் ஒவ்வொன்றாகப் படித்து, யாருக்கு வந்ததோ அவர்களைத் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அலுத்துவிட்டது. மதியம் டீ வந்ததும் ஒரே அழுத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். படிப்பதில்லை. அந்த ஐந்து நிமிடம்தான் எனக்கு நிம்மதி.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் ஆதிலட்சுமி வந்து நின்றாள். படவேட்டுப் பெண். ப்ளஸ் டூ முடித்துவிட்டு வாழைத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறாள். அவர்கள் வீட்டில் இருக்கிற ஒரே செல் அண்ணன் அன்பரசுவிடம் இருக்கிறது. அவன் பெங்களூரில் கட்டட வேலை. அவனுக்கு மெசேஜ் அனுப்ப மாதத்துக்கு இரண்டு தடவை பஸ் பிடித்து என் கடைக்கு வருவாள்.

“அக்கா, எனக்கு எதனா மெசேஜ் வந்துச்சா?”

“உங்க அண்ணன்கிட்ட இருந்தா? வரலியே.”

“அண்ணன் இல்லக்கா. செய்யாறு கம்பெனியில இருந்து. சந்தவாசல்ல கீற என் கூட்டாளி பாஞ்சாலையும் நானும் ஒண்ணாத்தான் வேலைக்கு ஃபாரம் குடுத்தோம். அவளுக்குப் போன வாரமே மெசேஜ் வந்துடுச்சாம். திங்கக்கெழம இன்டர்வியூ. அவ போயி செலக்ட்டும் ஆயிட்டா.”

“உனக்கு எப்படி வரும்? உன்னாண்ட ஏது செல்லு?”

“உங்க நம்பரத்தான் குடுத்தேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “யாரைக் கேட்டு என் நம்பரைக் குடுத்த? இந்த ஊரே என் செல்லுல குடும்பம் நடத்துது. நீ வேற பங்குக்கு வந்துட்டியா?” என்று கத்திவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் பேசாமல் வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆதிலட்சுமி பயந்ததாகத் தெரியவில்லை. “நீங்கதானக்கா சொன்னீங்க, பதில் வந்தா எனக்குத்தான் வரும், நான் சொல்றேன்னு. அண்ணன் ஊருக்கு வராருன்னு மெசேஜ் வந்தப்போ, படவேடு பஸ்ல கண்டக்டர்கிட்ட சொல்லி அனுப்பினீங்களே. அந்த நம்பிக்கையிலதான் குடுத்தேன்.”

உண்மைதான். பொங்கல் முடிந்த புதிதில் அப்படியெல்லாம் செய்துகொண்டிருந்தேன். போன வாரம் எத்தனை மெசேஜை அழித்தேன் என்று எனக்கே தெரியாது. அதில் ஒன்று இவளுடையது என்று மனதுக்கு நன்றாகத் தெரிந்தது. வாயோ வேறு சொன்னது.

“இந்த மெசேஜுல பாதி போயே சேராது. வந்திருக்காதும்மா.”

“அப்படின்னா போயிக் கேட்டா குடுப்பாங்களாக்கா? கம்பெனி பஸ்ஸு சந்தவாசல் வரைக்கும் வருதாம். மாசச் சம்பளமாம். தோட்டத்துக்காரர் வூட்டு வாசல்ல கூலிக்கு நிக்கத் தேவயில்ல.”

அதற்கு மேல் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. ஷட்டரை இழுத்துப் பூட்டினேன். “ஜல்தியா நட, செய்யாறு பஸ் கிளம்பிடும்” என்றேன்.

பஸ்ஸில் அவள் சர்ட்டிஃபிகேட் கவரை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு வழியெல்லாம் எரிச்சல். அவள் மேல், வெப்சைட் மேல், பலராமன் மேல், எல்லாரையும் விட என் மேல். அந்த மெசேஜ் வராமலே போயிருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

கம்பெனி கேட்டில் ஒரு மணி நேரம் நிற்க வைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். ஆபீஸில் அருணகிரி என்று ஒரு கிளார்க். தலை நிமிராமலே, “இன்டர்வியூ முடிஞ்சுபோச்சும்மா. எல்லாருக்கும் மெசேஜ் அனுப்பியாச்சு” என்றார்.

“இவளுக்கு வரலை சார்” என்றேன்.

நம்பரைக் கேட்டுவிட்டு மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வெப்சைட். நான் தினமும் முகத்தில் முழிக்கிற அதே மஞ்சள் கலர். அவரும் ஓசியில்தான் அனுப்பியிருக்கிறார்.

“பாருங்க. போன வியாழக்கெழம, பதினொண்ணு இருபது. டெலிவர்டுன்னு போட்டுக்கீது. போய்ச் சேர்ந்துடுச்சு.”

ஆதிலட்சுமி மானிட்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வந்துச்சு சார்” என்றேன். “நான்தான் படிக்காம அழிச்சிட்டேன். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. பொய் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்.”

சொல்லி முடித்ததும் அழுகை முட்டியது. அழுவதற்குப் பதிலாக எனக்குக் கோபம்தான் வரும், அதுவே வந்தது. மானிட்டரில் அந்த மெசேஜைக் காட்டி, “இது இன்னா சார்? இன்டர்வியூ திங்கக்கெழமன்னு ஒரு வரி. அடியில ‘உங்கள் காதல் ராசியை அறிய’ன்னு விளம்பரம். கம்பெனி பேரு கூட இல்ல. படிச்சிருந்தாலும் யாரு சார் இதை வேலைன்னு நெனைப்பாங்க?” என்று கேட்டேன்.

அருணகிரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “நான் இன்னாம்மா பண்றது? காசு குடுத்து அனுப்ப மேல விட மாட்டாங்க. இருநூறு பேருக்கு அனுப்பினேன், எழுபது பேருகூட வரல. வந்தவங்க வராதவங்க எல்லாம் என் சொந்த நம்பருக்குப் பதில் போட்டுகினு கீறாங்க. என் சம்சாரம் செல்லைத் தூக்கிப் போட்டு உடைக்கிறேன்றா.”

அந்த ஒரு விஷயத்தில் அவருடைய கஷ்டம் எனக்கு நன்றாகப் புரிந்தது.

ஆதிலட்சுமியின் மார்க் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். அடுத்த பேட்சுக்கு இன்னும் ஆள் வேண்டும், பேரைச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். “தேதி முடிவானதும் மெசேஜ் வரும்.”

“மெசேஜ் வேணாம் சார். புண்ணியமா போவும், ஒரு கார்டு போடுங்க.”

“கார்டெல்லாம் நிறுத்தி ரெண்டு வருஷமாச்சும்மா. மெசேஜ்தான். நம்பர் சொல்லும்மா.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஆதிலட்சுமி சொன்னாள். என் நம்பர். பத்து எண்ணையும் தடுக்காமல் சொன்னாள்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். “ஏண்டி, நான்தான் அழிச்சேன்னு உன் எதிர்லயே சொன்னேனே. திரும்பவும் அதையே குடுக்கிறியே, புத்தி கீதா உனக்கு?”

“வேற எந்த நம்பரு எனக்குத் தெரியும்க்கா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. கைப்பையில் இருந்து செல்லை எடுத்து அவள் கையில் திணித்தேன். “வேலை கிடைக்கிற வரைக்கும் நீயே வச்சிக்க. சார்ஜர் கடையில கீது, தரேன். எங்க வூட்டுக்காரர் பேசணும்னா கடை போனுக்குப் பேசட்டும்.”

அவள் முதலில் வேண்டாம் என்றாள். நான் முறைத்த முறைப்பில் வாங்கிக்கொண்டாள்.

ஆரணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே செல் கத்த ஆரம்பித்தது. பலராமனுடைய ஆட்கள். கூடவே பாலிடெக்னிக் பையனின் தங்கம். ஆதிலட்சுமி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“அழிச்சிடு” என்றேன். “நெறைஞ்சிட்டா உன்னுது வராது.”

“இருங்கக்கா. யாருக்கு இன்னா அவசரமோ.”

சர்ட்டிஃபிகேட் கவரில் இருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தாள். பக்கத்து சீட்டு ஆளிடம் பேனா வாங்கி, தாளின் பின்பக்கத்தில் நம்பரையும் அதற்கு நேராக விஷயத்தையும் எழுதினாள். எழுதிய பிறகுதான் அழித்தாள். பஸ் குலுங்கியபோது பேனாவைத் தூக்கிக்கொண்டாள்; குலுக்கல் நின்றதும் எழுதினாள். ஆரணி வரும் வரைக்கும் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தாளை மடித்து என் கையில் கொடுத்தாள்.

“மொத்தம் பதினேழு பேரு, அக்கா. இன்னிக்கே சொல்லிடுங்க.”