ஆயா வேலை

காபி டம்ளரை வாயருகே கொண்டுபோன தங்கம்மாளின் கை பாதியிலேயே நின்றுவிட்டது. மகனுக்குப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்தவள், "ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கியாமே?" என்று பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"நர்ஸ் இல்லீங்க. ஆயா" என்றாள் கவிநிலா.

அவள் அம்மா ஆதிலட்சுமிக்குப் பாதி உயிர் போய்விட்டது. தரகரிடம் நர்ஸ் என்று சொல்லிவைத்தவள் அவள்தானே.

கவிநிலா வேறு வழியில்லாமல் அந்த வேலைக்குப் போனவள் அல்ல. ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்தபோது ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மாதம் வைத்துப் பார்த்தார்கள். வரவேற்பு மேசையில் வருகிறவர்களிடமெல்லாம் சிரிக்க அவளுக்கு வரவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாளெல்லாம் குழாய்களோடு உட்கார்ந்திருப்பது சலித்தது. வார்டுதான் பிடித்தது. அதிகம் பேசமாட்டாள், அருவருப்பு கிடையாது, கோபமும் வராது. கிரிவலத்தில் மயங்கி விழுந்து, வேட்டியிலேயே போய்விட்டதற்காகக் கூனிக் குறுகிக் கிடந்தார் ஒரு பெரியவர். அவரைத் துடைத்து, துணி மாற்றி, ஒன்றுமே நடக்காதது போல எந்த ஊர் என்று விசாரித்தாள். அன்றைக்கே இதுதான் தன் வேலை என்று முடிவு செய்துவிட்டாள்.

தங்கம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலை கூடாது என்றாள். "கண்டவங்க பீ மூத்திரம் அள்றானு நாலு பேர் பேசுனா, நாங்க இன்னானு பதில் சொல்றது?"

நாளைக்கே நின்றுவிடுவாள் என்று ஆதிலட்சுமி அவசரமாக வாக்குக் கொடுத்தாள்.

அதோடு தாம்பூலம் மாற்றியிருக்கலாம். தங்கம்மாள் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னாள். தன் வீட்டுக்காரர் வாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். தனக்கோ மூட்டுவலி, குனிய முடிவதில்லை. வேலை தெரிந்த மருமகள் வந்தால் அவரைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, சொந்த அப்பா மாதிரி பார்த்துக்கொள்வாள் இல்லையா? சொல்லும்போது அவள் முகத்தில் துளிக் கூச்சம் இல்லை. ஊரில் யாருக்குத்தான் இருந்திருக்கும்?

கவிநிலாவுக்குக் கோபம் வராது என்றேன். அன்றைக்கு வந்தது.

"ஆஸ்பத்திரியில செஞ்சா கேவலம், உங்க வூட்ல செஞ்சா கடமைங்களா? வேலை ஒன்னுதாங்களே."

ஆதிலட்சுமி மகளின் கையைக் கிள்ளினாள். கவிநிலா கையை உதறிக்கொண்டு, அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை அருண்பிரசாத் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஒரு நாளாச்சும் உங்கப்பாவுக்குத் துணி மாத்தியிருக்கீங்களா?"

அவன் அம்மாவைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி. வார்டுக்கு வாங்க. முதுகுல புண்ணு வராம எப்படிப் பொரட்டிப் படுக்க வெக்கிறதுனு கத்துத் தரேன். அதுக்கு நீங்க தாலி கட்டத் தேவையில்ல."