மன்னிச்சது அவனை இல்லையே

தொலைக்காட்சித் தொடரில் கொலைகாரனாக நடிப்பவர், போன வாரக் காட்சியில் சிலுவை முன் மண்டியிட்டு அழுது திருந்தியிருந்தார். கண்ணீர் கிளிசரின்தான்.

இன்று படப்பிடிப்பு வாசலில் ஓர் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அழுததைப் பார்த்துட்டு மறுநாளே ஜெயிலுக்குப் போனேன் தம்பி. என் பிள்ளையைக் கொன்னவனை ஆண்டவர் பேரால மன்னிச்சுட்டேன்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

உள்ளே போனால் இயக்குநர் புது வசனத்தை நீட்டினார். பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்களாம், திருந்தியவன் இன்று பாதிரியாரையே குத்த வேண்டும்.

"என்னால முடியாது சார்."

"அப்ப வேற ஆளைப் போட்டுக்கறேன்."

அவர் வெளியே ஓடினார். அந்த அம்மா பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

"இனிமே எங்க தொடரைப் பார்க்காதீங்கம்மா!"

"ஏன், அவன் மறுபடி கெட்டுப்போறானா?"

அவர் தலைகுனிந்தார்.

"போகட்டும் தம்பி. நான் மன்னிச்சது அவனை இல்லையே."